லிம்போசைட் நுழையும் சுவர்: ரத்தத்திலிருந்து நிணநீர் முடிச்சுக்கு

1. கேள்வி

பாதத்தில் முள் குத்திச் சீழ் வைத்தால் இரண்டொரு நாளில் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. கையில் காயமென்றால் அக்குளில் கட்டுகிறது. விரலால் அழுத்தினால் வலிக்கும் அந்தக் கட்டிதான் நிணநீர் முடிச்சு. காயத்துக் கிருமி அங்கே ஏறிவிட்டதால் வீங்குகிறது என்றுதான் பொதுவாகச் சொல்வோம். அது பாதி உண்மை. ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் வழக்கத்தைவிடப் பெருந்திரளாக அந்த முடிச்சுக்குள் இறங்குகின்றன. இறங்கியவை சிறிது காலம் வெளியேறாமல் அங்கேயே தங்குகின்றன. அவற்றுள் கிருமியை அடையாளம் காண வல்லவை பெருகத் தொடங்குகின்றன. வீக்கத்தில் பெரும்பங்கு இந்த நடமாட்டத்தின் விளைவு.

நோய் இல்லாத நாட்களிலும் இந்த நடமாட்டம் ஓய்வதில்லை. ஒவ்வொரு லிம்போசைட்டும் ஏறக்குறைய ஒரே ஒரு அந்நியப் பொருளை மட்டும் அடையாளம் காணும் ஏற்பியைத் தாங்கியிருக்கிறது. குறிப்பிட்ட ஒரு கிருமியின் ஒரு துணுக்கை அறியும் டி-லிம்போசைட்டைத் தேடினால், லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் தேறும். அந்த ஒன்று, கிருமி நுழைந்த இடத்துக்கே போய்க் காத்திருக்க முடியாது. உடலின் எந்த மூலையில் கிருமி நுழையும் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே தோலிலும் குடலிலும் நுரையீரலிலும் இருந்து வடிந்துவரும் நிணநீர், முடிச்சுகளில் சேர்கிறது. லிம்போசைட்டுகள் ரத்தத்தின் வழியே முடிச்சு முடிச்சாகச் சென்று அந்த நிணநீர் கொண்டுவந்ததைச் சோதிக்கின்றன. ஒரு முடிச்சில் ஏறக்குறைய அரை நாள் முதல் ஒரு நாள் வரை தங்குகின்றன. தேடியது கிடைக்காவிட்டால் வெளிச்செல்லும் நிணநீர்க் குழாய் வழியே புறப்பட்டு, மார்பு நிணநீர் நாளத்தில் சேர்ந்து, கழுத்தடியில் உள்ள பெருஞ்சிரையில் விழுந்து மறுபடி ரத்தத்துக்கு வருகின்றன.

இந்தச் சுற்றில் மிகக் கடினமான கட்டம் ரத்தத்திலிருந்து முடிச்சுக்குள் நுழைவது. ரத்தக்குழாய் உடலெங்கும் இருக்கிறது, ஓட்டமோ வேகமானது. அப்படியிருக்க, தசையிலும் மூளையிலும் நிற்காமல் ஓடிவிடும் லிம்போசைட், நிணநீர் முடிச்சில் உள்ள ஒருவகை நுண்சிரையை அடைந்ததும் நின்று, சுவரைக் கடந்து உள்ளே போவது எப்படி? கடந்த அறுபது ஆண்டுகளில் இதற்குக் கிடைத்த விடைகள் பெரும்பாலும் லிம்போசைட்டின் பக்கம் நின்று சொல்லப்பட்டவை. அந்தச் செல் எந்த ஏற்பியைத் தாங்கியிருக்கிறது, எதனுடன் ஒட்டுகிறது என்பதே மையக் கேள்வியாக இருந்தது. சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், செல்லின் ஏற்பிகளைவிடச் சுவரும், அந்தச் சுவரைக் கட்டிப் பராமரிக்கும் முடிச்சுத் திசுவும்தான் நுழைவின் அளவைத் தீர்மானிக்கின்றன என்ற முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது. இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் அதுவே.

2. ஒரே படம், மூன்று வாசிப்புகள்

தோமே என்ற ஆய்வாளர் 1898இல், குரங்கின் நிணநீர் முடிச்சிலுள்ள சில நுண்சிரைகளின் உட்சுவர் விசித்திரமாக இருப்பதை விவரித்தார். ரத்தக்குழாயின் உட்புறத்தைப் போர்த்தும் எண்டோதீலியச் செல்கள் வழக்கமாகத் தகடுபோல மெலிந்து தட்டையாகக் கிடப்பவை. இந்த நுண்சிரைகளில் மட்டும் அவை பருத்து, உயர்ந்து, கனசதுரம் போல நின்றன. இன்று இவற்றை உயர் எண்டோதீலிய நுண்சிரைகள் என்கிறோம். இனி இக்கட்டுரையில் உயர்சுவர் நுண்சிரை எனச் சுருக்கிச் சொல்லலாம். தோமே இந்தச் சுவர்ச் செல்களை விழுங்கும் செல்களாகக் கருதினார். அவர் கட்டுரையின் தலைப்பே அப்படித்தான் சொல்கிறது.

அடுத்த ஆண்டு வான் ஷூமாகர் அதே சுவரை ஆராய்ந்தார். சுவர்ச் செல்களுக்கிடையே ஏராளமான லிம்போசைட்டுகள் இருப்பதைக் கண்டு, அவை முடிச்சிலிருந்து ரத்தத்துக்கு வெளியேறிக்கொண்டிருக்கலாம் என்று கருதினார். லிம்போசைட்டுகள் நிணநீர் முடிச்சுகளில் உற்பத்தியாகின்றன என்ற கருத்து நிலவிய அக்காலப் பின்னணியில் இது இயல்பான முடிவு. உற்பத்தியான இடத்திலிருந்து பொருள் வெளியேதானே போகவேண்டும்?

இதில் தவறு கவனக்குறைவால் நேர்ந்ததன்று. சாயமேற்றிய திசுத் துண்டு ஒரு கணத்தின் படம் மட்டுமே. சுவருக்குள் பாதி புதைந்து நிற்கும் செல் உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா, அங்கேயே விழுங்கப்படுகிறதா என்று அந்தப் படம் சொல்லாது. 1867இல் யூலியுஸ் கோன்ஹைம் தவளையின் குடல்தாங்கிச் சவ்வை உயிருடன் விரித்து வைத்து, அழற்சியின்போது வெள்ளணுக்கள் ரத்தக்குழாயிலிருந்து வெளியேறுவதைக் கண்ணால் பார்த்திருந்தார். அந்தச் சவ்வு ஒளி ஊடுருவக்கூடியது. நிணநீர் முடிச்சு அப்படிப்பட்டதன்று. ஆகவே திசை பற்றிய கேள்வி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தீராமல் கிடந்தது.

3. திசையை நிறுவிய சோதனைகள்

1950களில் லிம்போசைட்டின் பணி என்னவென்றே யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஒரு கணக்கு மட்டும் எல்லோரையும் உறுத்தியது. மார்பு நிணநீர் நாளம் ரத்தத்தில் கொட்டும் லிம்போசைட்டுகளைக் கொண்டு, ரத்தத்திலுள்ள மொத்த லிம்போசைட்டுகளையும் ஒரே நாளில் பல முறை மாற்றிவிடலாம். ஆனாலும் ரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை கூடுவதில்லை. அப்படியானால் கொட்டியவை எங்கே போகின்றன? குறுகிய ஆயுளுடையவை, உடனே மடிகின்றன என்றனர் சிலர். எலும்பு மஜ்ஜைக்குச் சென்று வேறுவகை அணுக்களாக மாறுகின்றன என்றனர் வேறு சிலர்.

ஆக்ஸ்ஃபோர்டில் பெனிசிலின் புகழ் ஹோவர்ட் ஃப்ளோரி இந்தப் புதிரை இளைஞரான ஜேம்ஸ் கவன்ஸிடம் ஒப்படைத்தார். கவன்ஸ் எலியின் மார்பு நிணநீர் நாளத்தில் மெல்லிய குழாயைச் செருகி, மயக்கமருந்து இல்லாத நிலையில் நாட்கணக்கில் நிணநீரை வெளியே வடித்தார். வடிக்க வடிக்க லிம்போசைட்டுகளின் வரத்து நாளுக்கு நாள் சரிந்தது. அவை புதிதாக உற்பத்தியாகிக்கொண்டே இருப்பவை என்றால் இந்தச் சரிவுக்கு இடமில்லை. வடித்த லிம்போசைட்டுகளை உயிருடன் ரத்தத்துக்குத் திருப்பிச் செலுத்தியபோது வரத்து குறையாமல் நின்றது. செல்களை நீக்கிய நிணநீரைச் செலுத்தியபோது நிற்கவில்லை. 1957, 1959 ஆண்டுகளில் வெளியான இம்முடிவுகளின் பொருள் தெளிவானது: நிணநீரில் வருபவை முன்பு ரத்தத்தில் இருந்தவையே. ஒரே செல்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன.

அப்படியானால் ரத்தத்திலிருந்து நிணநீருக்கு அவை எங்கே தாவுகின்றன? 1964இல் கவன்ஸும் நைட்டும் டிரிட்டியம் கலந்த அடினோசினால் லிம்போசைட்டுகளுக்குக் கதிரியக்க அடையாளமிட்டு ரத்தத்தில் விட்டார்கள். செலுத்திய சிறிது நேரத்திலேயே அடையாளமிட்ட சிறு லிம்போசைட்டுகள் உயர்சுவர் நுண்சிரைகளின் சுவரில் தென்பட்டன. நேரம் செல்லச் செல்ல முடிச்சின் உட்திசுவில் பரவின. பழைய நுண்ணோக்கியும் பழைய திசுத் துண்டும்தான். புதிதாகச் சேர்ந்தவை இரண்டு: செல்லின் மீது அழியாத அடையாளம், அதைத் தொடரும் கடிகாரம். இவ்விரண்டுமே வான் ஷூமாகரின் திசையைத் திருப்பிப் போட்டன. உயிரியலில் சோதனை வடிவமைப்பு என்றால் என்ன என்று மாணவர்களுக்குக் கற்றுத்தர இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

எலிக்கு மட்டும் உரிய தனித்தன்மையோ என்ற ஐயத்தை ஆஸ்திரேலியாவில் ஹாலும் மாரிஸும் செம்மறியாட்டில் செய்த ஆய்வு நீக்கியது. ஒரே ஒரு நிணநீர் முடிச்சிலிருந்து வெளிச்செல்லும் குழாயில் நிணநீரைச் சேகரித்து, அதிலுள்ள செல்களில் மிகப் பெரும்பான்மை அந்த முடிச்சில் பிறந்தவையல்ல, ரத்தத்திலிருந்து வந்தவை என்று 1965இல் அவர்கள் காட்டினர்.

லிம்போசைட் சுவரை எப்படி ஊடுருவுகிறது என்பதில் ஒரு தகராறு எழுந்தது. அதே 1964இல் மார்கெஸியும் கவன்ஸும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை வைத்து, லிம்போசைட் எண்டோதீலியச் செல்லின் உடலுக்குள்ளேயே புகுந்து மறுபுறம் வெளிவருகிறது என்றார்கள். 1972இல் ஷோஃபெல் தொடர் வெட்டுகளை அடுக்கிப் பார்த்து, இரு செல்களுக்கிடையிலான இடைவெளி வழியேதான் செல்கிறது என்று மறுத்தார். ஒற்றை வெட்டில் செல்லுக்குள் இருப்பதுபோலத் தோன்றுவது அடுத்தடுத்த வெட்டுகளில் இடைவெளியில் இருப்பதாகத் தெரியக்கூடும் என்ற அவரது வாதம் வலுவானது. வெள்ளணுக்களுக்கு இரு வழிகளும் இயலும் என்பது இன்று ஏற்கப்பட்ட கருத்து. நம் கேள்விக்கு இந்தத் தகராறு முக்கியமில்லை.

4. செல்லின் பக்கம் நின்ற விடை

1976இல் ஸ்டாம்பரும் உட்ரஃபும் செய்த எளிய சோதனை அடுத்த இருபது ஆண்டு ஆராய்ச்சிக்குத் தடம் போட்டது. நிணநீர் முடிச்சை உறையவைத்து மெல்லிய துண்டுகளாக வெட்டி, கண்ணாடித் தகட்டில் பரப்பி, அதன்மேல் உயிருள்ள லிம்போசைட்டுகளை ஊற்றிக் குளிர்நிலையில் மெதுவாகச் சுழற்றினார்கள். கழுவிப் பார்த்தால் லிம்போசைட்டுகள் வேறெங்கும் ஒட்டாமல் உயர்சுவர் நுண்சிரைகள்மீது மட்டும் ஒட்டியிருந்தன. திசு செத்த பின்பும் சுவரின் அடையாளம் சாகவில்லை. வாழும் உடலுக்கு வெளியே, தகட்டின்மேல் நுழைவின் முதல் கட்டத்தைச் சோதிக்க இப்போது வழி பிறந்துவிட்டது.

ஸ்டான்ஃபோர்டில் வைஸ்மனும் பட்சரும் கலட்டினும் இந்த முறையைக் கையாண்டு, 1983இல் மெல்-14 என்ற எதிர்ப்பொருளை அறிவித்தார்கள். அதை லிம்போசைட்மீது பூசினால் அது தோலைச் சார்ந்த நிணநீர் முடிச்சுகளின் நுண்சிரையில் ஒட்டுவதில்லை; குடற்சுவரிலுள்ள பேயர் திட்டுகளின் நுண்சிரையில் ஒட்டுவதோ தடைபடவில்லை. லிம்போசைட்டின் மேற்பரப்பில் அது போகவேண்டிய இடத்தின் முகவரி எழுதப்பட்டிருக்கிறது என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. அதே காலத்தில் ஸ்டூல்மனும் ரோஸனும் இந்த ஒட்டுதலைச் சில சர்க்கரைச் சேர்மங்கள் தடுப்பதைக் கண்டார்கள். 1964லேயே கெஸ்னரும் கின்ஸ்பர்கும், சர்க்கரையை வெட்டும் நொதிகளில் நனைத்த லிம்போசைட்டுகள் வழி தவறிப்போவதைக் காட்டியிருந்தனர். அந்தக் குறிப்புக்கு உரிய கவனம் கிடைக்க இருபது ஆண்டுகள் ஆயின. 1989இல் மெல்-14 பற்றும் புரதத்தின் மரபணு பிரித்தெடுக்கப்பட்டபோது அது சர்க்கரையைப் பிடிக்கும் புரதம் என்பது உறுதியானது. இன்று அதன் பெயர் எல்-செலக்டின்.

அடுத்த திருப்பம் ஓட்டத்தைக் கணக்கில் எடுத்ததால் வந்தது. 1991இல் லாரன்ஸும் ஸ்ப்ரிங்கரும், ரத்தத்தின் விசையோடு திரவம் பாயும் சிறு அறையில் நியூட்ரோஃபில் வெள்ளணுக்களை ஓடவிட்டார்கள். செலக்டின் பூசிய பரப்பில் அவை உருண்டன, ஆனால் நிற்கவில்லை. வெள்ளணுவின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்னும் ஒட்டுப்புரதம் பற்றும் ஐகேம்-1 மட்டும் பூசிய பரப்பிலோ ஓட்டத்தில் பிடியே கிடைக்கவில்லை. இரண்டும் இருந்து, செல்லைத் தூண்டும் வேதிச் செய்தியும் சேர்ந்தபோது உருண்டுவந்த செல் சட்டென்று நின்றது. அதே ஆண்டில் வான் ஆண்ட்ரியன் உயிருள்ள விலங்கின் நுண்சிரைகளில் இதே படிநிலையைக் காட்டினார். பட்சர் இதைப் பொதுக் கோட்பாடாக வகுத்தார். உருளல், தூண்டல், நிற்றல், கடத்தல் என்று இன்றைய பாடநூல்கள் வரையும் படம் இதுவே.

நிணநீர் முடிச்சைப் பொறுத்தவரை ஒவ்வொரு படிக்கும் உரிய மூலக்கூறு ஏறக்குறைய தெரிந்துவிட்டது. உருளலுக்கு எல்-செலக்டின். அது சுவரிலுள்ள கந்தகமேறிய சர்க்கரைகளைக் கணநேரம் பிடித்து விடுகிறது. 1996இல் ஃபிங்கரும் சகாக்களும் கண்டது வியப்பானது: ஓட்டம் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் இந்தப் பிடி நழுவிவிடுகிறது. இழுத்தால் இறுகும் சுருக்குக் கயிறுபோல, ரத்தம் இழுக்கும் விசையே பிடியைத் தக்கவைக்கிறது. தூண்டலுக்கு, சுவரில் ஒட்டியிருக்கும் சிசிஎல்21 என்ற கெமோகைன், அதாவது செல்லைத் தூண்டும் வேதிச் செய்தி மூலக்கூறு; அதை உணரும் ஏற்பி சிசிஆர்7. நிற்றலுக்கு, அத்தூண்டலால் கணத்தில் வடிவம் மாறி விரியும் எல்எஃப்ஏ-1 என்ற இன்டெக்ரின். சிசிஆர்7 இல்லாத எலிகளில் டி-லிம்போசைட்டுகள் முடிச்சுக்குள் சேர்வதில்லை என்று 1999இல் ஃபோர்ஸ்டர் குழு காட்டியது. எல்-செலக்டின் நீக்கப்பட்ட எலிகளின் புறமுடிச்சுகள் சிறுத்துப்போயிருந்ததை அர்போனஸும் சகாக்களும் 1994லேயே பதிவுசெய்திருந்தனர்.

இந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிடமுடியாது. ஆனால் இரண்டு இடங்களில் நிதானிக்க வேண்டும். முதலாவது, இந்தக் கோட்பாட்டின் அடிப்படைச் சோதனைகளில் முக்கியமானவை அழற்சியில் பாயும் நியூட்ரோஃபில்களைக் கொண்டு செய்யப்பட்டவை. பிறகே லிம்போசைட்டுக்குப் பொருத்தப்பட்டன. இரண்டாவது இன்னும் முக்கியமானது. எல்-செலக்டின் நியூட்ரோஃபிலிலும் உண்டு, மோனோசைட்டிலும் உண்டு. எல்எஃப்ஏ-1 ஏறக்குறைய எல்லா வெள்ளணுக்களிலும் உண்டு. நியூட்ரோஃபில் உயர்சுவர் நுண்சிரையில் உருளவும் செய்கிறது; ஆனால் நிற்பதில்லை. ஆகவே தனியொரு மூலக்கூறை முகவரி என்று சொல்வது பொருந்தாது. படிகள் சேரும் விதத்தில்தான் தேர்வு நிகழ்கிறது என்ற பட்சரின் விளக்கம் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. ஆனால் அந்தச் சேர்க்கைக்கு உரிய சர்க்கரையும் கெமோகைனும் அந்த ஒரு சுவரில் மட்டும் ஏன் ஒன்றுகூடியிருக்கின்றன என்பதை அது தொடவே இல்லை.

5. சுவரின் பக்கம்

உயர்சுவர் நுண்சிரையின் செல்கள் ஏன் பருத்திருக்கின்றன? இடைவிடாமல் பொருள் தயாரிப்பதால். 1980களின் தொடக்கத்தில் ஆண்ட்ரூஸ், ஃபோர்டு ஆகியோர் கதிரியக்கக் கந்தகத்தை எலியின் நிணநீர் முடிச்சுக்குக் கொடுத்தபோது, இந்தச் செல்கள் அதை வேகமாக உறிஞ்சித் தாம் தயாரிக்கும் சேர்மங்களில் சேர்ப்பதைக் கண்டார்கள். எல்-செலக்டின் பிடிப்பது கந்தகமேறிய சர்க்கரையைத்தான் என்பது தெரியாத காலம் அது. 1988இல் ஸ்ட்ரீட்டரும் பட்சரும் உருவாக்கிய மெக்கா-79 என்ற எதிர்ப்பொருள் இச்சுவரின் அந்தச் சர்க்கரைகளை அடையாளம் காட்டியது. சர்க்கரையில் கந்தகம் ஏற்றும் நொதிகளை எலியில் நீக்கியபோது முடிச்சுக்குள் நுழையும் லிம்போசைட்டுகள் வெகுவாகக் குறைந்தன என்று 2005இல் இரு குழுக்கள் அறிவித்தன. லிம்போசைட்டில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. மாறியது சுவர் மட்டுமே.

இதைவிட எனக்கு அழுத்தமாகப் படுவது நெதர்லாந்தில் ஹென்ட்ரிக்ஸும் சகாக்களும் செய்த அறுவைச் சோதனை. எலியின் முழங்காலின் பின்புறமுள்ள நிணநீர் முடிச்சுக்கு நிணநீரைக் கொண்டுவரும் குழாய்களை மட்டும் துண்டித்தார்கள். ரத்த ஓட்டத்தைத் தொடவில்லை. வாரக்கணக்கில் உயர்சுவர் செல்கள் தட்டையாகிச் சாதாரணச் சிரையின் தோற்றத்தை அடைந்தன. லிம்போசைட்டுகளின் நுழைவும் அற்றுப்போனது. நிணநீர்க் குழாய்கள் மறுபடி வளர்ந்து இணைந்தபோது செல்கள் மீண்டும் பருத்தன, நுழைவும் திரும்பியது. உயர்சுவர் என்பது பிறவியிலேயே அமைந்துவிடும் உறுப்பு அமைப்பு என்ற எண்ணத்தை இது உடைத்தது. நிணநீர் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும்வரைதான் அந்தச் சுவர் அப்படி நிற்கிறது.

அந்த ஏதோ ஒன்றின் முக்கியப் பகுதி 2011இல் தெரியவந்தது. முசியோனும் ழிரார்டும் எலியில் டென்ட்ரைட்டிக் செல்களை அகற்றியபோது உயர்சுவர் தன் இயல்பை இழந்தது, லிம்போசைட் நுழைவு சரிந்தது. டென்ட்ரைட்டிக் செல்கள் லிம்போடாக்சின் என்ற செய்தி மூலக்கூறு வழியே சுவரைப் பேணுகின்றன என்று அவர்கள் விளக்கினர். கிருமியின் துணுக்கை ஏந்தி லிம்போசைட்டுக்குக் காட்டுவது இந்த டென்ட்ரைட்டிக் செல்தான் என்பதைக் கருதினால் இந்த ஏற்பாட்டின் பொருத்தம் விளங்கும். காட்டவேண்டியதை வைத்திருப்பவரே பார்ப்பவர்கள் வரும் வழியையும் திறந்துவைக்கிறார்.

கெமோகைனின் கதையும் அதே திசையில் செல்கிறது. ஜப்பானில் ஒருவகைச் சோதனை எலியில், நிணநீர் முடிச்சில் டி-லிம்போசைட்டுகள் மிகக் குறைவாக இருக்கும் மரபுக்குறை தானாகத் தோன்றியிருந்தது. இந்த எலிகளின் லிம்போசைட்டுகளில் குறையேதுமில்லை. முடிச்சில் சிசிஎல்21 கெமோகைன்தான் இல்லை. இவற்றின் நுண்சிரைகளில் டி-லிம்போசைட்டுகள் உருண்டன, நிற்கவில்லை. 2000இல் ஸ்டைனும் வான் ஆண்ட்ரியனும் அந்தக் கெமோகைனை எலியின் தோலில் ஊசியால் செலுத்தினார்கள். ரத்தத்தில் செலுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தோலிலிருந்து நிணநீரோடு முடிச்சை அடைந்த கெமோகைன் நுண்சிரையின் உட்பரப்புக்கு வந்து சேர்ந்தது. உருண்டுகொண்டிருந்த செல்கள் நின்றன. முடிச்சுக்குள் நார்களால் ஆன நுண்ணிய கால்வாய்கள் நிணநீரில் கரைந்த சிறு மூலக்கூறுகளை உயர்சுவர் நுண்சிரையின் பின்புறத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன என்று கிரெட்ஸ் குழு அதே ஆண்டு காட்டியது. ஆக, காலில் காயமேற்பட்ட திசுவிலிருந்து புறப்படும் வேதிச் செய்தி, ரத்தக்குழாயின் உட்சுவரில் எந்த வெள்ளணு நிற்கவேண்டும் என்பதை மாற்றவல்லது. தொடையிடுக்கில் நெறி கட்டுவதன் பின்னணியில் இந்த வழியும் இருக்கிறது.

எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை தேவை. எலியின் உயர்சுவர் செல்களே சிசிஎல்21ஐத் தயாரிக்கின்றன. மனித முடிச்சுகளில் அப்படித் தயாரிப்பதற்குச் சான்றில்லை என்று 2005இல் நார்வே ஆய்வாளர்கள் அறிவித்தனர். சுற்றியுள்ள திசுச் செல்களிடமிருந்து அது சுவருக்கு வந்து சேர்கிறது என்று கொள்வதே பொருத்தம். இந்த வேறுபாடு என் வாதத்தை வலுப்படுத்துவதாகவே கருதுகிறேன். மனிதரில் சுவர்கூடத் தனித்து இயங்கவில்லை, அதன் பின்னுள்ள திசுவைச் சார்ந்திருக்கிறது.

இன்னும் இரண்டு சான்றுகள். லிம்போசைட்டுகள் இத்தனை பெருந்திரளாகச் சுவரைத் துளைத்துக் கடந்தும் ரத்தம் முடிச்சுக்குள் கசியாதது எப்படி என்பதற்கு ஷியா குழு 2013இல் விடை சொன்னது: சுவரின் வெளிப்புறத்திலுள்ள போடோபிளானின் என்ற புரதத்தைத் தொடும் ரத்தத் தட்டணுக்கள், சுவரின் இணைப்புகளை இறுக்கும் கொழுப்புச் செய்தியை அங்கே சுரக்கின்றன. மேலும் 2011இல் பஜேனோஃப் குழு, நுழையும் லிம்போசைட்டுகள் சுவருக்குள்ளேயே சிறு பைகள்போன்ற இடங்களில் தங்கிக் காத்திருப்பதையும், முடிச்சிலிருந்து மற்ற லிம்போசைட்டுகள் வெளியேறுவதைப் பொறுத்தே அவை உள்ளே விடப்படுவதையும் விவரித்தது. உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதும் நுழைவைக் கட்டுப்படுத்துகிறது.

உயர்சுவர் நுண்சிரை நிணநீர் முடிச்சுக்கே உரியதும் அன்று. நீடித்த அழற்சி உள்ள இடங்களில், முடக்குவாதத்தில் வீங்கிய மூட்டுச் சவ்வில், தன்னையே தாக்கும் தைராய்டு நோயில், அதையொத்த நுண்சிரைகள் புதிதாக உருவாகின்றன. சில புற்றுக்கட்டிகளிலும் உண்டு. மார்பகப் புற்றுக்கட்டிகளில் இவை அடர்ந்திருப்பது நல்ல நோய்ப்போக்கோடு சேர்ந்து காணப்படுவதை 2011இல் ழிரார்டின் துலூஸ் குழு பதிவுசெய்தது. எந்தத் திசுவும் தக்க செய்திகளை அனுப்பினால் தன் சாதாரணச் சிரையை லிம்போசைட் நுழையும் சுவராக மாற்றிவிட முடியும் என்பதே இதன் பொருள்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. எல்-செலக்டினை நீக்கினால் முடிச்சு வறள்கிறதே, அப்படியானால் செல்லின் ஏற்பிதானே தீர்மானிக்கிறது என்று கேட்கலாம். ஏற்பி இல்லாமல் நுழைவு இல்லை என்பது உண்மை. ஆனால் எந்த நோயையும் சந்தித்திராத லிம்போசைட் இந்த ஏற்பிகளை எப்போதும் தாங்கியே அலைகிறது. இன்று இந்த முடிச்சில் அதிகம், அந்த முடிச்சில் குறைவு என்ற ஏற்றத்தாழ்வை எல்லாச் செல்லிலும் ஒரேபோல் உள்ள ஒன்று விளக்காது. தூண்டப்பட்ட லிம்போசைட்டின் நிலை வேறு. அது எல்-செலக்டினை உதிர்த்துவிட்டு அழற்சியுள்ள திசுவுக்குப் போகிறது. அங்கே செல்லின் மாற்றம் முதன்மை பெறுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மண்ணீரலில் உயர்சுவர் நுண்சிரையே இல்லை. அங்கே நுழையும் முறை வேறு. என் வாதத்தின் எல்லை நிணநீர் முடிச்சும், அதில் நுழையும் புதிய லிம்போசைட்டும்.

6. பன்றி காட்டும் எதிர்த்திசை

வான் ஷூமாகரின் வாசிப்பு தவறென்று முன்பு சொன்னோம். அது முழுக்கத் தவறன்று. பன்றியின் நிணநீர் முடிச்சு உள்வெளி தலைகீழாக அமைந்தது. அதிலிருந்து வெளிச்செல்லும் நிணநீரில் லிம்போசைட்டுகள் மிக அரிது. பின்ஸும் சகாக்களும் பல ஆண்டுகள் ஆராய்ந்து, பன்றியில் லிம்போசைட்டுகள் உயர்சுவர் நுண்சிரை வழியே நுழைவது மட்டுமன்றி, நிணநீர்க் குழாயைத் தவிர்த்து நேரே ரத்தத்துக்கே திரும்புகின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள்.

ஒரு விலங்கில் நிறுவிய திசையைப் பாலூட்டிகள் அனைத்துக்கும் விதியாக்கிவிடும் வழக்கத்துக்கு இது சரியான தடை. கவன்ஸ் எலிக்குப் பதிலாகப் பன்றியைத் தேர்ந்திருந்தால் மார்பு நிணநீர் நாளத்தில் வடிக்க லிம்போசைட்டே போதிய அளவு கிடைத்திருக்காது. மறுசுற்றின் கண்டுபிடிப்பு பல ஆண்டு தள்ளிப்போயிருக்கும். சுவர் ஒருவழிப் பாதையாக இருப்பது அதன் இயற்கை விதியில்லை, எலியிலும் மனிதரிலும் செம்மறியாட்டிலும் அமைந்த ஏற்பாடு. பன்றியில் வேறு ஏற்பாடு.

7. ரத்தப் பரிசோதனையில் தெரிவது எது?

இந்த ஆராய்ச்சி மருத்துவத்தை எங்கே தொடுகிறது? முதல் சான்று கக்குவான் இருமல். இந்நோய் கண்ட குழந்தைகளின் ரத்தத்தில் லிம்போசைட்டுகள் மிக உயர்ந்துவிடும். கிருமியோடு போரிட உடல் படை திரட்டுகிறது என்று எவரும் எண்ணுவர். உண்மை வேறு. பெர்டுசிஸ் நச்சு, கெமோகைன் ஏற்பியின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் புரதத்தை முடக்குகிறது. லிம்போசைட் சுவரில் உருள்கிறது. தூண்டல் எட்டாததால் நிற்பதில்லை. நுழைய முடியாதவை ரத்தத்தில் தேங்குகின்றன. கைக்குழந்தைகளில் இந்தத் தேக்கம் கடுமையாகும்போது நுரையீரலின் ரத்தக்குழாய்களை அடைத்து உயிரைப் பறிக்கவும் செய்கிறது. தடுப்பூசியைக் காலம் தவறாமல் போடவேண்டும் என்பதற்கு இதைவிடக் கடுமையான காரணம் வேண்டியதில்லை.

ஃபிங்கோலிமோட் என்ற மருந்து இதற்கு நேர்மாறு. மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் நோய்க்காக 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இது, லிம்போசைட்டுகள் முடிச்சைவிட்டு வெளியேறுவதைத் தடுக்கிறது. இதை உட்கொள்பவரின் ரத்தத்தில் லிம்போசைட் எண்ணிக்கை முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். செல்கள் அழியவில்லை, முடிச்சுகளில் அடைபட்டிருக்கின்றன. எல்எஃப்ஏ-1ஐத் தடுக்கும் எஃபலிசுமாப் சொரியாசிஸ் நோய்க்கு 2003இல் அனுமதிக்கப்பட்டு, சில நோயாளிகளின் மூளையில் அரிய வைரஸ் தொற்று கிளர்ந்ததால் 2009இல் திரும்பப் பெறப்பட்டது. வெள்ளணு எல்லா இடத்திலும் பயன்படுத்தும் பிடியை மருந்தால் முடக்கினால் காவல் எல்லா இடத்திலும் தளரும். குறிப்பிட்ட ஓர் உறுப்பின் சுவரில் மட்டும் இருப்பதைக் குறிவைக்கும் மருந்துகள் இந்த ஆபத்தைக் குறைக்கக்கூடும். குடற்சுவரை நோக்கிச் செல்லும் லிம்போசைட்டுகளின் இன்டெக்ரினைத் தடுக்கும் வெடோலிசுமாப் 2014 முதல் குடலழற்சி நோய்களுக்குப் பயன்பாட்டில் உள்ளது. அது அந்தத் திசையில் வைத்த அடி.

இவற்றிலிருந்து நோயாளிக்கும் மருத்துவருக்கும் நேரடியாகப் பயன்படும் முடிவு ஒன்று உண்டு. உடலின் மொத்த லிம்போசைட்டுகளில் எந்நேரமும் ரத்தத்தில் இருப்பவை சுமார் 2 சதவீதம்தான். பரிசோதனைக்கூட அறிக்கையில் அச்சாகி வருவது அந்த 2 சதவீதத்தின் அளவு. அது ஏறியிருந்தால் பெருக்கம் என்றோ, இறங்கியிருந்தால் அழிவு என்றோ அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. செல்கள் முடிச்சுக்குள் நுழைகின்றனவா, வெளியேறுகின்றனவா என்று கேட்காமல் அந்த எண்ணைப் படிப்பது, 1899இல் திசுத் துண்டை மட்டும் வைத்துத் திசையைச் சொன்ன அதே பிழை.